கை எடை

ரேஷன் கடையில் எடை போடுகிறவன் நான்.
கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
பதினோரு வருஷம்.
தராசு பொய் சொல்லும்,
நானே சொல்ல வைத்திருக்கிறேன்.
கை சொல்லாது.

மல்லேஸ்வரியைக் கட்டிலிலிருந்து
கழிப்பறைக்குத் தூக்கிப்போன வெள்ளிக்கிழமை
முழங்கைதான் முதலில் சொன்னது:
நாலு கிலோ குறைச்சல்.

மூணாவது கீமோ முடிந்த ராத்திரி
ஷார்ஜாவிலிருந்து வீடியோவில் வந்தான் அவள் தம்பி சுதாகர்.
"சக்கரதான்க்கா அதுக்குத் தீனி.
சோத்த நிறுத்து. பட்டினியில அதுவே சாவும்."
அழுதுகொண்டே சொன்னான்.
பாதிச் சம்பளத்தை அனுப்பியவன்.
கடல் தாண்டி நிற்கிறவன் கையில்
ஒரு யோசனையைத் தவிர வேறென்ன இருக்கும்?

அதன் பிறகு
அரிசித் தூசி படிந்த சட்டையை
வாசலிலேயே உதறிவிட்டுத்தான் உள்ளே வருவேன்.
அடுப்பில் எண்ணெயில் மிதக்கும் முட்டை,
வெண்ணெய் போட்ட காப்பி,
காசிமேட்டில் ஏலம் கலைந்தபின் வாங்கிய
கொழுத்த கானாங்கெளுத்தி.
எனக்குத் தனியாகச் சோறு வடிக்க வெட்கப்பட்டு
முருகன் மெஸ்ஸில் நின்றுகொண்டே தின்றேன்,
திருடன் மாதிரி.

மூத்திரத்தில் நனைத்துப் பார்க்கிற பட்டை ஒன்று
கூரியரில் வந்தது.
நனைத்து, பதினைந்து எண்ணி,
"ஊதா!" என்று கத்துவாள்.
பத்தாவதில் கணக்குப் பாஸானபோதும்
இப்படிக் கத்தியிருக்க மாட்டாள்.
ஒவ்வொரு பட்டையையும்
நகைக்கடை காலண்டரில் தேதிக்கு நேரே ஒட்டினாள்.
அந்த மாசம் முழுக்கக் கத்தரிப்பூ நிறம்.

ஆறு நாள் வெளிக்குப் போகவில்லை.
நடுராத்திரி கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது.
லாரித் தண்ணிக்குக் குடத்தோடு போனவள்
வரிசையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.
வாயில் நகப்பூச்சு அழிக்கிற வாசனை.
எது கீமோ, எது வெண்ணெய்?
அரிசியையும் குருணையையும் கண்ணை மூடிப் பிரிக்கிற எனக்கு
இதைப் பிரிக்கத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக் கணக்குப் பார்க்கும் நஸ்ரின் மேடம்
ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தாள்,
அவளைப் பார்த்தாள்,
மறுபடி ரிப்போர்ட்டை.
"டாக்டர்கிட்ட சொல்லாமயா?"

திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.
"இது கட்டியக் கரைக்கும்னு இன்னும் யாரும் நிரூபிக்கலம்மா.
ஆராய்ச்சி நடக்குது.
அங்க அடிக்கடி ரத்தம் பாப்பாங்க, கிட்னி பாப்பாங்க,
கூடவே ஒரு ஆள் நிக்கும்.
உங்ககூட யாரு நின்னாங்க?"

"காலண்டர்" என்றாள் மல்லேஸ்வரி.

மேடம் சிரித்துவிட்டாள், பிறகு சிரிக்கவில்லை.
"இன்னும் எளைச்சா அடுத்த கீமோவே தள்ளிப்போகும்.
வாய்க்கு என்ன கேக்குது, சொல்லுங்க."

ரொம்ப நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு
"அத்தோ" என்றாள்.
பர்மாக்காரர் தள்ளுவண்டி,
பீச் ஸ்டேஷன் எதிரே,
கல்யாணமான புதிதில் தின்றது.
"ரோட்டுக்கடை வேணாம், இப்ப உடம்பு தாங்காது.
வீட்ல சூடா செஞ்சு குடுங்க. கொஞ்சமா."

பூண்டைப் பொன்னிறமாக வறுக்க எனக்கு வரவில்லை, கருகியது.
மூன்று வாய் தின்றாள்.
நூடுல்ஸ் ஒன்று முகவாயில் தொங்க
துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாளும் பட்டையை நனைத்தாள்.
வெறும் சதை நிறம்.
"அதுக்குச் சோறு போட்டுட்டேன்ல?" என்று
குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

இல்லை என்று சொன்னேன்.
மேடம் சொன்னதைச் சொன்னேன்.
என் குரல் எனக்கே
எடை குறைந்த மூட்டைபோல் கேட்டது.
தூக்கலாமென்று குனிந்தேன்.
எத்தனை கிலோ என்று
கை தெரிந்துகொள்ளத் தவித்தது.

"தள்ளு" என்றாள்.
சுவரைப் பிடித்து,
வாளியைப் பிடித்து,
தானாக எழுந்து நடந்தாள்.

எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.